வாசம் உள்ள விதை

வாசமில்லாத பூவைக் காசு கொடுத்து வாங்க எனக்கு மனம் வருவதில்லை. மல்லிகையும் பவளமல்லியும் நின்ற யாழ்ப்பாண வளவில் வளர்ந்தவள் நான். லண்டன் கடைகளில் அடுக்கியிருக்கும் ரோஜாக்களைக் கிட்டப் போய் முகர்ந்தால் பச்சைத் தண்டின் ஈர மணம்தான் வரும். தூர நாட்டிலிருந்து விமானத்தில் வந்து, ஒரு கிழமைக்கு மேல் வாடாமல் நிற்பதற்கென்றே தெரிந்தெடுத்து வளர்த்தவை அவை. வளர்த்தவர்கள் வாசத்தைக் கேட்கவில்லை, பூவும் தரவில்லை. இங்கே ஒரு பூவை வாசத்துக்காகவே விதையிலிருந்து வளர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்வீட் பீஸ். எங்கள் வீட்டில் அதைப் பட்டாணிப்பூ என்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

அவரை, பயறு, சங்குப்பூ எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த ஓராண்டுக் கொடி இது. ஆள் உயரத்துக்கு மேலே ஏறும். தண்டின் இரு பக்கமும் மெல்லிய விளிம்பு ஓடும். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு இலைகள், நுனியில் பற்றுக்கம்பிகள். பூக்காம்பு ஒரு சாண் நீளத்துக்கு நீண்டு, அதில் மூன்று நான்கு பூக்கள் வரிசை பிடிக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, கருஞ்சிவப்பு, நீலத்துக்குக் கிட்டிய நிறம் எல்லாம் உண்டு. நல்ல மஞ்சள் மட்டும் இல்லை. நூறு ஆண்டுக்கு மேலாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வாசத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். தோடம்பூவும் தேனும் கலந்தாற்போல் ஒரு மணம் என்று பலரும் சொல்வார்கள், அது ஓரளவுக்குச் சரி. காற்றடிக்காத இளவெயில் நாளில் கொடிக்குப் பக்கத்தில் நின்றால் போதும், குனிந்து முகரத் தேவையில்லை.

நான் இருப்பது லண்டனின் வடக்குத் தொங்கலில், என்ஃபீல்டில். இந்தப் பூ இங்கிலாந்தில் முதலில் முளைத்தது இதே ஊரில்தான் என்று அறிந்த நாள் தொடக்கம் அதன் மேல் எனக்குப் பற்று கூடிப்போனது. 1699-இல், இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவில், பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி இந்தக் காட்டுக்கொடியின் விதைகளைச் சேர்த்து அனுப்பினார். பெற்றவர் என்ஃபீல்டில் பள்ளிக்கூடம் நடத்திய ராபர்ட் யூவ்டேல். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே உலகத்தின் பல பக்கத்துச் செடிகளையும் வளர்த்தவர் அவர். குளிரில் வாடும் செடிகளைக் காக்கச் சூடேற்றிய செடிவீடுகளை இங்கிலாந்தில் முதன்முதலில் வைத்திருந்தவர்களில் ஒருவர். அவர் உலர்த்தி ஒட்டி வைத்த செடிகளின் தொகுதிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய பள்ளி இருந்த பழைய மாளிகை இப்போது இல்லை. அந்த இடத்தில் கடைகள் நிற்கின்றன. சனிக்கிழமையில் மரக்கறி வாங்கப் போகும்போது அவ்வழியால்தான் நடக்கிறேன்.

குபானி அனுப்பிய பூ சின்னது. ஒரு காம்பில் இரண்டு பூ. பின்னிதழ் கருஞ்சிவப்பு, பக்க இதழ்கள் ஊதா. வாசம் மட்டும் அத்தனை. பிறகு நூறு ஆண்டு போயும் நான்கைந்து நிறங்களுக்கு மேல் வரவில்லை. அவற்றில் 'பெயின்ரட் லேடி' என்ற இளஞ்சிவப்பு-வெள்ளை வகை இன்றும் விதைப் பைகளில் வருகிறது.

பூவைப் பெரிதாக்கியவர் ஹென்றி எக்ஃபோர்ட் என்ற ஸ்கொட்லாந்துத் தோட்டக்காரர். பெரிய வீடுகளில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர், 1888-இல் இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள வெம் என்ற சிற்றூரில் சொந்தமாகத் தோட்டம் போட்டார். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தூரிகையால் தடவி, விதை எடுத்து, விதைத்து, நல்லதை வைத்து மற்றதைப் பிடுங்கி எறிந்து, பொறுமையாக ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. இந்தப் பூ இங்கிலாந்துக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட 1900-இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் கண்காட்சி வைத்தபோது அங்கே வந்த 264 வகைகளில் 115 எக்ஃபோர்ட் உண்டாக்கியவை. பூ பெரிதானது, நிறங்கள் பெருகின, வாசமும் நின்றது. இதற்காகவே அவரை நான் பெரிய மனிதர் என்பேன். அவருடைய பெயரில் இன்றும் வெம் ஊரில் சங்கம் இருக்கிறது.

அடுத்த திருப்பம் மறு ஆண்டே வந்தது. நோர்தாம்ப்டன்ஷயரில் ஓல்தோர்ப் என்ற மாளிகை உண்டு. இளவரசி டயானாவின் குடும்பத்துக்குரிய வீடு. அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த சைலஸ் கோல், எக்ஃபோர்டின் 'பிரிமா டொனா' என்ற வகையிலிருந்து வந்த ஒரு பூவை 1901-இல் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். இதழ்கள் முன்பு கண்டதைவிடப் பெரியவை, ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டவை. வீட்டுச் சீமாட்டியின் பெயரால் அதற்கு 'கவுண்டஸ் ஸ்பென்சர்' என்று பெயரிட்டார். பார்த்தவர்கள் மயங்கிப் போனார்கள். அதே காலத்தில் கேம்பிரிட்ஜுக்குக் கிட்ட ஹிஸ்டன் ஊரில் வில்லியம் அன்வின் என்பவருக்கும் அதே வகையிலிருந்து அலையிதழ்ப் பூ ஒன்று கிடைத்தது. இன்று கண்காட்சி மேசைகளில் நிற்பவை பெரும்பாலும் இந்த ஸ்பென்சர் வம்சம்தான்.

அந்த அலையிதழ்கள் அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளவையும் சுருளையும் தேடியவர்கள் எல்லாரும் வாசத்தையும் கூடவே தேடவில்லை. அதனால் ஸ்பென்சர் வகைகளில் நன்றாக மணப்பவையும் உண்டு, பேருக்கு மணப்பவையும் உண்டு. விதைப் பையின் படத்தைப் பார்த்து வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. பூக்கிற காலத்தில் யாருடைய தோட்டத்திலாவது முகர்ந்து பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு வருவதுதான் நல்ல வழி. அதற்கு வாய்ப்பில்லாதவர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் பழையவை: கருஞ்சிவப்பும் ஊதாவுமான 'மட்டுக்கானா', துறவியின் பெயரையே தாங்கிய 'குபானி', முன்பு சொன்ன 'பெயின்ரட் லேடி', கடுநீல 'லோர்ட் நெல்சன்'. பூ சின்னதாக இருக்கும், காம்பும் கொஞ்சம் குட்டை. வாசத்தில் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டாண்டாகத் தழைக்கும் பட்டாணிப்பூ என்று ஒரு இனம் கடைகளில் இதோடு சேர்ந்தே தொங்கும். பார்வைக்கு அக்கா தங்கை. ஒரு தடவை நட்டால் பல ஆண்டு வரும் என்று ஆசைப்பட்டுப் பலர் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு வாசமே கிடையாது.

விதைப்பதற்கு இங்கே இரண்டு காலம். ஒக்டோபரில் விதைத்து, குளிர்காலம் முழுவதும் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நாற்றாக வைத்திருப்பது ஒன்று. பெப்ரவரி, மார்ச்சில் யன்னலோரம் வைத்து முளைக்கப் பண்ணுவது மற்றது. ஒக்டோபர் நாற்று வேரை நன்றாக இறக்கி, முந்திப் பூக்கும். மாசி, பங்குனி நாற்றுக்குக் காவல் குறைவு. எனக்கு ஒக்டோபர்தான் விருப்பம். வேர் பிடித்த கொடி ஜூன் வெயிலுக்கு அசையாது.

விதை மிளகு அளவு, மிளகின் உருட்சி, பெரும்பாலும் மிளகின் கருமை. சமையலறை மேசையில் ஈரக் கடதாசி விரித்து அதில் பரப்பி வைத்திருந்தபோது அம்மா வந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, மிளகை ஏன் நனைச்சுப் போட்டிருக்கிறாய்?"

"அம்மா, உது மிளகில்லை. பூ விதை. நஞ்சு. கையில எடுத்தாலும் வாயில வைச்சுப் போடாதேங்கோ."

"நஞ்சையோ குசினி மேசையில வைச்சிருக்கிறாய்? எடு முதல்ல, எடு."

அம்மா சொன்னதில் முழு நியாயம் இருந்தது. அன்றோடு அந்த வேலை குசினியை விட்டுப் போய்விட்டது. வாசகர்களும் இதை மனதில் வையுங்கள். பெயரில் பட்டாணி இருந்தாலும் இதன் விதையும் காயும் உண்ணக் கூடாதவை. விதையிலுள்ள நச்சுப்பொருள் எலும்பையும் உடலைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களையும் பழுதாக்கும். இந்தியாவில் பஞ்ச காலங்களில் ஏழைகள் கேசரிப் பருப்பையே நாள்தோறும் தின்று கால் விளங்காமல் போன கதை நம்மவர் பலருக்குத் தெரியும். அந்தக் கேசரியும் இந்தப் பூவும் ஒரே பேரினத்தின் இரு பிள்ளைகள். நஞ்சு வேறு, கேடு வேறு, எச்சரிக்கை ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் முற்ற விடும் கொடியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

விதையின் தோல் கெட்டி. சில விதைகளுக்குள் நீர் லேசில் இறங்காது. ஓர் இரவு முழுவதும் நீருக்குள் மூழ்க வைப்பவர்கள் உண்டு. அதில் சில விதை அழுகிப் போகும். அதனால் ஈரக் கடதாசிதான் என் வழி. மறுநாள் பார்த்தால் பல விதைகள் உப்பி, தோல் மினுமினுப்பாக இருக்கும். அவை விதைக்கத் தயார். சில அப்படியே சிறுத்துக் கிடக்கும். அவற்றைக் கையில் எடுத்து, விதையின் கண் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் ஒரு துளி கிள்ள வேண்டும். உள்ளே வெண்மஞ்சள் தெரிந்தால் போதும், அதற்கு மேல் போகக் கூடாது. திரும்ப ஈரத்தில் போட்டால் அடுத்த நாள் அவையும் உப்பியிருக்கும்.

வேர் ஆழமாகப் போக விரும்பும் செடி என்பதால் அகன்ற சட்டி உதவாது, ஒடுங்கி உயர்ந்தது வேண்டும். அதற்கென்று விற்கும் நீளக் குழிகள் உண்டு. டொய்லெட் பேப்பர் முடிந்ததும் மிஞ்சும் மட்டைக்குழலும் அதே வேலையைச் செய்யும். ஒரு தட்டில் குழல்களை நெருக்கமாக நிறுத்தி, மண் நிரப்பி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடுங்கள். நடும்போது குழலோடு சேர்த்தே குழிக்குள் இறக்கலாம், மட்டை மண்ணில் மக்கிவிடும்.

மண் என்றால் நான் வாங்குவது 'ஜோன் இன்னஸ்' என்று பெயர் போட்ட விதை மண். தோட்டமண், மணல், மக்கிய நாரெல்லாம் கணக்காகக் கலந்தது. அந்தப் பெயருக்கும் இந்தப் பூவுக்கும் இடையில் பலரும் அறியாத தொடர்பு ஒன்று உண்டு. 1900-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேற்சன் என்ற அறிஞரும் ஈடித் சோண்டர்ஸ், ரெஜினல்ட் பனெட் ஆகியோரும், பரம்பரைப் பண்புகள் கடத்தப்படுவதற்கு மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட கணக்கு மற்றச் செடிகளுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று பட்டாணிப்பூ. இரண்டு வெள்ளைப் பூக்களை இணைத்தார்கள். பிள்ளைகள் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தவை எல்லாம் சிசிலித் துறவி அனுப்பிய பூவைப் போல ஊதா. நிறம் வருவதற்கு இரண்டு காரணிகள் சேர வேண்டும், ஒரு வெள்ளையில் ஒன்று குறை, மற்ற வெள்ளையில் மற்றது குறை, சேர்ந்ததும் குறை தீர்ந்தது என்று அதற்கு விளக்கம் கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: ஊதா நிறமும் மகரந்தத் துகளின் நீள வடிவமும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போயின. இரண்டு பண்புகள் பிணைந்து கடத்தப்படுவதை உலகம் முதலில் பார்த்தது இந்தப் பூவில்தான். பேற்சன் 1910-இல் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். அங்கே 1930-களில் உருவானதுதான் இந்த மண் கலவை. நிறுவனம் அப்போது இருந்த இடம் தென்லண்டனில் மேர்ட்டன். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகவே தெரியும்.

முளைக்க 15 பாகை செல்சியஸ் சூடு போதும். ஒன்று இரண்டு கிழமையில் தலை காட்டும். தலை காட்டியதும் வீட்டுச் சூட்டிலிருந்து வெளியே எடுங்கள். இதில்தான் நம்மவர்களுக்குத் தயக்கம், குளிருக்குள் பச்சைப் பிள்ளையை விடுவதா என்று. சூடான அறையில் வைத்தால் நாற்று வெளிறி, நூலாக நீண்டு, சரிந்துவிடும். குளிரில் வளர்ந்தது கட்டையாய், கரும்பச்சையாய் நிற்கும். சின்ன உறைபனியைத் தாங்கும். கடும் உறைபனி விழும் இரவில் மட்டும் மேலே ஒரு சாக்குப் போட்டு மூடுவேன். பனியைவிடப் பெரிய எதிரி எலி. விதை போட்ட தட்டை மேசைக்கு மேலே, மூடி போட்டு வைக்காவிட்டால் ஒரே இரவில் ஒவ்வொரு குழலிலும் கோதிக் கிளறிய குழிதான் மிஞ்சும்.

மூன்று சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். செழித்து வரும் நாற்றின் தலையைக் கிள்ள முதல் தடவை கை கூசும். ஆனால் இந்தக் கொடியின் நல்ல கிளைகள் அடியிலிருந்துதான் வரும். நுனி போனதும் அடிக்கணுக்களிலிருந்து இரண்டு மூன்று தடித்த தளிர்கள் கிளம்பும். பூக்கப்போவது அவைதான்.

நடுவது ஏப்ரல் நடுவில். எனக்கு நகரசபையின் குத்தகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அலோட்மென்ட் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். உணவுப் பயிர் செய்ய நிலம் கேட்கும் மக்களுக்கு உள்ளூராட்சி சபைகள் நிலம் கொடுக்க வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இங்கே வழக்கம். முழுத் துண்டு ஏறக்குறைய 250 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பரப்பு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் கீரையும் போக, வெயில் விழும் ஓர் ஓரத்தைப் பூவுக்கு விட்டிருக்கிறேன். குளிர்காலத்திலேயே அங்கே ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்டி, மக்கிய எருவைத் தாராளமாகப் போட்டு வைப்பேன். அவரைக் குடும்பத்துச் செடியின் வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் என்பதால் யூரியா போன்ற உரம் தேவையில்லை. அது போட்டால் இலைதான் தழைக்கும். எரு போடுவது ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான்.

இரண்டு மீற்றர் உயரத் தடிகளை வட்டமாக ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டி, ஒரு தடிக்கு ஒரு நாற்று அல்லது இரண்டு. மூங்கில் தடி தடிப்பானது, வழுக்குவது. இளம் பற்றுக்கம்பி அதைச் சுற்றிப் பிடிக்கத் தடுமாறும். அதனால் தடிகளுக்கிடையே சணல் கயிற்றைப் படிப்படியாகச் சுற்றிவிடுவேன். முதல் ஒரு அடிக்குக் கையால் கட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு அதுவே பிடித்து ஏறும். மே மாதத்தில் நத்தைகளைப் பொழுதுபட்ட பின் போய்ப் பொறுக்க வேண்டும், மழையில்லாத கிழமையில் அடியில் நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூக்கத் தொடங்கினால் தக்காளிக்கு ஊற்றும் உரநீரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊற்றலாம். வேறு பராமரிப்பு அதிகமில்லை.

பறிப்பதுதான் வேலை. ஓராண்டுக் கொடி விதை விடுவதற்காகவே பூக்கிறது. காய் முற்றத் தொடங்கினால் தன் காரியம் முடிந்ததென்று பூப்பதை நிறுத்திவிடும். ஜூன், ஜூலையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், பூத்த காம்பை எல்லாம் வெட்டிவிட வேண்டும். காம்பின் அடிப்பூக்கள் விரிந்து, உச்சிப் பூ அப்போதுதான் வாய் திறக்கும் நேரம் வெட்டினால் வாசமும் இருக்கும், நான்கைந்து நாள் நிற்கவும் நிற்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போவதானால் பக்கத்துத் தோட்டக்காரரிடம், வேண்டியமட்டும் பறியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் பறிப்பது எனக்குச் செய்யும் உதவி.

கோடையில் பூவுக்குள் கடுகளவு கறுப்பு வண்டுகள் பளபளவென்று மொய்க்கும். மகரந்தம் தின்ன வருபவை. பூவைக் கெடுப்பதில்லை, ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மேசைவிரிப்பெல்லாம் ஊரும். பக்கத்துத் தோட்டத்து முதியவர் காட்டித் தந்த வழி எளியது. வெட்டிய பூவை வாளித் தண்ணீரில் வைத்து, கருவிகள் வைக்கும் இருட்டுக் கொட்டிலுக்குள் விட்டு, கதவை ஒரு கை அகலம் திறந்து வையுங்கள். வண்டுக்கு வெளிச்சம் வேண்டும். வெங்காயத்துக்குக் களை பிடுங்கி முடிப்பதற்குள் அவை கதவிடுக்கின் வெளிச்சத்தை நோக்கிப் பறந்து போய்விடும். மருந்து அடிக்கத் தேவையே இல்லை.

இந்தப் பூவின் மேல் இங்கிலாந்து எவ்வளவு பைத்தியமாக இருந்தது என்பதற்கு 1911-ஐச் சொல்ல வேண்டும். 'டெய்லி மெயில்' நாளிதழ் சிறந்த ஒரு கொத்துக்கு 1,000 பவுண் பரிசு அறிவித்தது. ஒரு தோட்டத் தொழிலாளி பல ஆண்டு உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. கூலிக்கு ஆள் வைத்து வளர்ப்பவர்கள் சேர முடியாது, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மட்டும். கொளுத்தும் கோடை அது. நாடெங்குமிருந்து 30,000-க்கும் மேற்பட்ட கொத்துகள் பெட்டிகளில் கிறிஸ்டல் பலஸுக்கு வந்து குவிந்தன. முதற்பரிசு ஸ்கொட்லாந்து எல்லையிலுள்ள ஸ்ப்ரௌஸ்டன் என்ற சிற்றூரின் பாதிரியார் டென்ஹொம் ஃபிரேசரின் மனைவிக்கு. மூன்றாம் பரிசு அதே தோட்டத்துப் பூவை அனுப்பிய பாதிரியாருக்கு. வந்த பணத்தை அவர் தன் சிறிய தேவாலயத்தைக் கட்டிப் பெருப்பிக்கச் செலவிட்டார். பூவால் கட்டிய அந்தப் பகுதி இன்றும் நிற்கிறது. வடக்கே போகும் காலம் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் கேட்பார்கள், எங்களுக்கு வருமா என்று. சமவெளி வெக்கையில் வராது. வெப்பம் 25 பாகைக்கு மேல் நாள்தோறும் போனால் கொடி சோர்ந்து விடும். டெல்லி போன்ற வட இந்திய நகரங்களில் செப்டெம்பர், ஒக்டோபரில் விதைத்து, குளிர் முடியும் பெப்ரவரி, மார்ச்சில் பூக்க வைக்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா மாதிரியான மலையூர்களில் இருப்பவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம். அவர்கள் விதை வாங்கும்போது பகல் நீளத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்பென்சர் வகைகளுக்கு நீண்ட பகல் வேண்டும், 12 மணி நேரத்துக்கு மேல். குறுகிய பகலிலும் பூக்கும் முன்பருவ வகைகள் தனியாக இருக்கின்றன. நமது மலைகளுக்கு அவைதான் சரி.

கடைசியாக விதை எடுப்பது. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றைக் கிள்ளி, வெளியிதழை நகத்தால் பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு இதழ் ஒட்டிப் படகுபோல் மூடிக் கிடக்கும். அந்தப் படகையும் மெல்லத் திறந்தால் உள்ளே மஞ்சள் மா கொட்டிக் கிடக்கும், சூலகத்தின் நுனியில் அப்பியும் இருக்கும். பூ விரியும் முன்பே, தேனீக்கு இடமில்லாமல், தனக்குள்ளேயே கருவுற்றுவிட்டது. இதனால்தான் பக்கத்தில் பத்து வகை நின்றாலும் 'மட்டுக்கானா' விதை 'மட்டுக்கானா'வாகவே முளைக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முன் வந்த வாசம் கலப்பில்லாமல் இன்று எங்கள் கைக்கு எட்டுவதும் இதனால்தான். பூசணி விதையை வீட்டில் எடுத்தால் அடுத்த ஆண்டு என்ன வருமோ தெரியாது. இதில் அந்தப் பயம் மிகக் குறைவு. புதிய வகைகளைக் கொண்டுவரக் கம்பெனிகள் இருக்கின்றன. பழைய வாசத்தைக் காப்பது விற்பனை குறைந்ததும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறவர்களால் ஆகாது. ஆண்டுதோறும் கொஞ்சம் விதை எடுத்து வைக்கும் வீட்டுக்காரர்களால்தான் ஆகும்.

அதற்கு ஜூன் மாதமே, நன்றாக மணக்கும், நோய் காணாத ஒரு கொடியைத் தெரிந்து, தண்டில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். ஜூலைக் கடைசியிலிருந்து அந்தக் கொடியில் பறிக்கக் கூடாது. காய் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்து, ஆட்டினால் உள்ளே விதை கிலுங்கும். அந்தக் கட்டத்திலேயே எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் வெயிலில் விட்டால் காயின் இரு பாதியும் முறுக்கிக்கொண்டு படீரென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். எடுத்த காய்களைக் கடதாசிப் பைக்குள் போட்டு வாயை மடித்து வையுங்கள், வெடித்தாலும் பைக்குள்ளேயே வெடிக்கும். நன்றாக உலர்ந்ததும் சூம்பியதை ஒதுக்கி, மிச்சத்தைக் கடித உறையில் போட்டு, வகையின் பெயர், ஆண்டு, நஞ்சு என்ற சொல் மூன்றையும் எழுதிக் குசினிக்கு வெளியே, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு ஆண்டு முளைதிறன் கெடாது. எடுத்ததில் பாதியை மட்டும் அந்த ஒக்டோபரில் விதையுங்கள், ஒரு ஆண்டு எலியோ நத்தையோ முழுவதையும் அழித்தாலும் மற்றப் பாதி இருக்கும்.